நிழல் முதுகுப்பக்கம் விழ வேண்டும்

நான் ஓய்வு பெற்று ஏழு வருடங்கள் ஆகின்றன. வேலையில் இருந்த காலத்தில் என்னிடம் ஆலோசனை கேட்காதவர்கள் இப்போது கேட்கிறார்கள். போன மாதம் எங்கள் வட்டாரத்து இளம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடந்தது. பழைய ஆள் என்று என்னையும் கூப்பிட்டு, மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். அன்றைக்குப் பேச்சு மூன்றாம் வகுப்பின் திசைகள் பாடத்தைப் பற்றி. ஒரு இளைஞர் கைபேசியைத் தூக்கிக் காட்டி, "இதுலயே திசை காட்டுது சார். இன்னும் எதுக்கு குச்சி, கயிறு, சுண்ணாம்பெல்லாம்?" என்று கேட்டார். தேநீர் வந்துவிட்டதால் தப்பித்தேன்.

தப்பிக்க முடியாத கேள்வி ஒன்றும் வந்தது. என் பழைய பாடக் குறிப்பு நோட்டுகளை ஒரு ஆசிரியை இரவல் வாங்கிப் போயிருந்தார். அவர் ஒரு பக்கத்தை விரித்து, "இங்க ஒரு வரியில ரெண்டு வார்த்தைய சிவப்புப் பென்சில்ல அடிச்சிருக்கு. பக்கத்துலயே தலைமையாசிரியர் தன்னோட கையெழுத்தையும் அடிச்சிட்டு, மறுபடி போட்டுருக்காங்க. இது என்ன சார்?" என்றார். பிஸ்கட் தின்றபடி சொல்லக்கூடிய பதில் இல்லை அது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டு வருடம். கரும்பலகையில் கோணாமல் எழுதவும், ஆய்வாளர் வந்தால் முகத்தைச் சுறுசுறுப்பாக வைத்துக்கொள்ளவும் கற்றுக்கொண்டேன். வீட்டில் அண்ணன் பம்பாய்க்குப் போய் அங்கிருந்து அமெரிக்கா போனான். நிலத்தைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அப்பா கொஞ்சம் கொஞ்சமாக விற்றார். ரோட்டோரத் துண்டு ஒன்று செங்கல் சூளைக்காரர் கைக்குப் போயிற்று. வெளியூர் போகத் துணிச்சல் இல்லாத நான் வாத்தியார் வேலையில் சேர்ந்தேன்.

திருவிடைமருதூருக்குத் தெற்கே, ஒரு வாய்க்கால் கரையில், இரண்டு அறையும் ஒரு தாழ்வாரமும் உள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. தலைமையாசிரியர் எஸ்தர் டீச்சர். பிள்ளைகளுக்குப் பெரிய டீச்சர். தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் சபைக் குடும்பம். ஒல்லியான உருவம், வெளிர் நிறப் பருத்திப் புடவை, காதுக்கு மேலே கொண்டையில் செருகிய சிவப்புப் பென்சில். குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் மரியாதை கூடும். "சார், கொஞ்சம் இருக்க முடியுமா" என்று மாலையில் கேட்டால், அன்றைக்கு வகுப்பில் நான் எதையோ உளறியிருக்கிறேன் என்று அர்த்தம்.

சேர்ந்த முதல் மாதமே அப்படிக் கேட்டார். அன்று நான் மூன்றாம் வகுப்பை வாய்க்கால் கரைக்கு அழைத்துப் போய், "தண்ணி வர்ற பக்கம் மேற்கு, போற பக்கம் கிழக்கு" என்று நடத்தியிருந்தேன். காவிரிப் பாசனத்தில் பிறந்த எவனும் அப்படித்தான் சொல்வான். எங்கள் ஊர்களில் மேலத்தெரு என்பது தண்ணீர் முதலில் தொடும் தெரு, கீழத்தெரு என்பது கடைசியில் தொடும் தெரு. இருட்டில் எழுப்பிக் கேட்டாலும் வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை வைத்துத்தான் திசை சொல்வோம். சூரியனைப் பார்த்துச் சொன்னவர்களை நான் பார்த்ததில்லை.

"நாளைக்குக் காலையில கொத்தனார்கிட்ட ரசமட்டமும் தூக்குக்குண்டும் வாங்கிட்டு வந்துடுங்க சார்" என்று மட்டும் சொன்னார் எஸ்தர் டீச்சர்.

மறுநாள் பள்ளி வாசலில் தரையை மட்டம் பார்த்து, சாணம் மெழுகி, நடுவில் ஒரு சவுக்குக் குச்சியை நட்டோம். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு நாலு பக்கமும் பார்த்து, நூல் பிசகாமல் நிமிர்த்தினார். குச்சியின் அடியில் கயிற்றைக் கட்டி, மறுமுனையில் சுண்ணாம்புக் கட்டியைக் கட்டி வட்டம் போட்டார். காலையில் குச்சியின் நிழல் வட்டத்துக்கு வெளியே நீண்டு கிடக்கும். வெயில் ஏற ஏறச் சுருங்கி, நுனி வட்டக் கோட்டைத் தொடும் இடத்தில் ஒரு செங்கல் துண்டு. பிறகு நிழல் வட்டத்துக்குள்ளேயே இருந்துவிட்டு, சாயங்காலம் நீண்டு வெளியேறும்போது மறுபடி கோட்டைத் தொடும். அங்கே இன்னொரு செங்கல் துண்டு. இரண்டையும் கயிற்றால் இணைத்தால் அதுதான் கிழக்கு மேற்கு. நிழல் வட்டத்தைத் தொடும் நேரத்தில் அவர் யாரோடும் பேச மாட்டார். நான் ஏதோ கேட்டதற்கு விரலை மட்டும் உயர்த்தினார்.

சாயங்காலம் அந்தக் கோட்டின் மேல் நின்று வாய்க்காலைப் பார்த்தேன். நான் கிழக்கு என்று சொல்லிக்கொடுத்த பக்கம், கோட்டை விட்டுத் தெற்கே சரிந்து போய்க்கொண்டிருந்தது. எங்கள் வாய்க்கால் வடமேற்கிலிருந்து வந்து தென்கிழக்கே போகிறது. முப்பது வயதுக்குள் இதை நான் ஒரு தடவைகூடக் கவனித்ததில்லை.

"ஊர்ல எல்லாரும் அதத்தான் கிழக்குங்கறாங்க, டீச்சர்" என்றேன்.

"அவங்க சொல்லட்டும் சார். அவங்களுக்குத் தண்ணி வந்தா போதும். நீங்க சொல்லக் கூடாது."

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மணி அடிக்கும்போதெல்லாம் நிழல் நுனியில் ஒரு செங்கல் துண்டு வைப்பது எங்கள் பள்ளியின் வழக்கமாயிற்று. மணி எண்ணையும் மாதத்தையும் சுண்ணாம்பில் எழுதுவோம். ஒரு வருடம் முடிந்தபோது வாசல் முழுக்கச் செங்கல் துண்டுகள். ஆனி மாதத்து உச்சி நிழல் குச்சிக்குத் தெற்கே விழுந்தது. மார்கழி மாதத்து உச்சி நிழல் வடக்கே, நன்றாக நீண்டு விழுந்தது. சூரியன் கிழக்கே உதித்து நேராகத் தலைக்கு மேலே ஏறி மேற்கே இறங்குகிறது என்று புத்தகம் சொன்னதை நான் நம்பியிருந்தேன். சூரியன் எங்கள் புத்தகத்தைப் படிக்கவில்லை.

எஸ்தர் டீச்சர் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு கட்டளைதான் போட்டிருந்தார். "நிழல் இல்லன்னா நில்லு." மேகம் மூடியிருக்கும்போது தெரியாத இடத்தில் திசை சொல்லவும் கூடாது, நகரவும் கூடாது. ஒரு முறை ஆய்வாளர் வந்து, பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய், அவர்கள் பழகாத ஒரு நெல் கிட்டங்கி வாசலில் நிறுத்தி, "கிழக்கு எது?" என்றார். வானம் மூட்டமாக இருந்தது. முப்பது பிள்ளைகளும் கையைக் கட்டிக்கொண்டு வாய் திறக்காமல் நின்றார்கள். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "நிழல் வரட்டும் சார், சொல்லுவாங்க" என்றார் எஸ்தர் டீச்சர். ஆய்வாளர் கால் மணி நேரம் பார்த்துவிட்டு, மாணவர் தரம் குறைவு என்று எழுதிவிட்டுப் போனார். டீச்சர் அதன் கீழேயே, "அன்று மேகமூட்டம்" என்று சிவப்புப் பென்சிலில் எழுதிவைத்தார். எனக்கு அப்போது அது பிடிவாதமாகத்தான் தெரிந்தது.

பிறகு ஒரு வருடம் மேட்டூர் அணை திறக்கவே இல்லை. குறுவை போயிற்று. சம்பாவும் போயிற்று. ஆடியில் நிரம்பியிருக்க வேண்டிய வாய்க்காலில் ஆடுகள் மேய்ந்தன. ஊரில் நடவும் இல்லை, களையெடுப்பும் இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனிகள் வெளிநாட்டுக்குத் தைத்து அனுப்பிக்கொண்டிருந்த காலம். வேன் வைத்து ஆள் கூட்டிப் போனார்கள். புருசனும் பெண்டாட்டியுமாகப் போனவர்கள் பிள்ளைகளைச் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். புரட்டாசியில் என் மூன்றாம் வகுப்பில் பாதிக்குப் பாதி அப்படிப்பட்ட பிள்ளைகள்.

அவர்களில் ஒருத்தி சுகந்தி. எட்டு வயது. அம்மா அப்பா இருவரும் திருப்பூரில். அத்தை ராஜாத்தியின் வீட்டில் இருந்தாள். அதிகம் பேசாத பிள்ளை, ஆனால் சொன்னதைச் சொன்னபடி செய்யும். எழுதச் சொன்னால் புள்ளி விடாமல் எழுதும். அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி வாத்தியார்கள் கவலைப்படுவதில்லை.

அந்த வருடம் திசைகள் பாடத்தை நான் கொஞ்சம் மெருகேற்றினேன். பாடத்தைப் பிள்ளைகளின் வாழ்க்கையோடு சேர்த்து நடத்த வேண்டும் என்று அப்போது புதிதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் சுவரில் தமிழ்நாட்டு வரைபடத்தை மாட்டி, "உங்க அம்மா எந்தப் பக்கம்? உங்க அப்பா எந்தப் பக்கம்?" என்று ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டேன். சென்னை வடக்கே. வேளாங்கண்ணியில் கடை வைத்த மாமா கிழக்கே. திருப்பூர் மேற்கே. எழுந்து விரல் வைத்துக் காட்டியவர்களில் பாதிப் பேர் திருப்பூரில்தான் வைத்தார்கள். கும்பகோணத்திலிருந்து திருப்பூருக்கு வரைபடத்தில் ஒரு சாண். சுகந்தி சாண் வைத்து அளந்துகூடப் பார்த்தாள். வகுப்பு உயிரோடு இருந்தது என்று எனக்கு ஒரே பெருமை.

பிறகு வாசலுக்கு அழைத்துப் போனேன். எங்கள் வகுப்புக்கு அந்தப் பாடவேளை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. அதனால், காலையில் சூரியனைப் பார்த்து நின்றால் எதிரே கிழக்கு என்று புத்தகத்தில் இருந்த விதியைத் திருப்பிப் போட்டு, என் நோட்டில் இப்படி எழுதியிருந்தேன்: "மதியத்துக்குப் பின் சூரியனைப் பார்த்து நில். எதிரே மேற்கு. நிழல் முதுகுப்பக்கம் விழ வேண்டும்." பிள்ளைகள் வரிசையாக நின்று, நிழலை முதுகுப்பக்கம் விட்டு இருபது அடி நடந்தார்கள். புரட்டாசி மாதத்தில் அது கிட்டத்தட்டச் சரியாகவே இருந்தது. எஸ்தர் டீச்சர் நோட்டைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

மூன்று மாதம் கழித்து, மார்கழியில் ஒரு நாள், மதிய மணி அடித்து வருகைப் பதிவு எடுத்தபோது சுகந்தி இல்லை. காலையில் இருந்தாள், சத்துணவில் சாப்பிட்டாள். வீட்டுக்கு ஓடியிருப்பாள் என்று நினைத்து ஆளனுப்பினேன். வீட்டில் இல்லை. சத்துணவுத் தட்டுகள் அடுக்கி வைக்கும் இடத்தைப் பார்த்தேன். அவள் தட்டைக் காணவில்லை. பிள்ளைகள் தட்டை வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. இன்னொரு வேளை எங்கேயோ சாப்பிட வேண்டியிருக்கும் என்று நினைத்துப் போயிருக்கிறாள்.

பக்கத்தில் உட்காரும் சிறுமியைக் கேட்டேன். அவள் அமைதியாகச் சொன்னாள். "அம்மாகிட்ட போறேன்னா சார். சார்தான் வழி சொல்லிக் குடுத்துருக்காங்களேன்னா."

அத்தை ராஜாத்தி ஓடி வந்தாள். முதல் நாள் சாயங்காலம் டீக்கடைக்குப் போன் வந்ததாம். கம்பெனியில் அவசர ஆர்டர், பொங்கலுக்கு லீவு இல்லை, வர முடியாது என்று சுகந்தியின் அம்மா சொன்னாளாம். "புள்ள ஒண்ணும் சொல்லலைங்க சார். சரின்னு சாப்ட்டுட்டுப் படுத்துருச்சி" என்று சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

பத்து நிமிடத்தில் ஊர் கூடிவிட்டது. தலையாரி மாணிக்கம் சைக்கிள்காரர்களைச் சேர்த்தார். "திருப்பூருன்னா மேக்கதான. வாய்க்கா கரையோட மேல போவோம். சின்னப் புள்ள, எவ்ளோ தூரம் போயிரும்?" என்றார். எல்லோருக்கும் அதுதான் மேற்கு. யாருக்கும் சந்தேகமே வரவில்லை. எனக்கும் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கோடு போட்டு, செங்கல் வைத்து, வருடக்கணக்காகப் பாடம் நடத்தியவன் நான். பயத்தில் அதெல்லாம் பறந்துபோய், நானும் ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு கரையில் ஏறினேன்.

கேரியரை யாரோ பிடித்து நிறுத்தினார்கள். எஸ்தர் டீச்சர்.

"சார், தயவுசெஞ்சு இறங்குங்க" என்றார். அவ்வளவு மரியாதையாக அவர் என்னிடம் பேசியதே இல்லை. "நீங்க புள்ளைங்களுக்கு மேற்க வாய்க்கால வச்சு சொன்னீங்களா, வெயில வச்சு சொன்னீங்களா?"

"வெயில வச்சுதான், டீச்சர்."

"எந்த நேரத்து வெயில்?"

"மதியத்துக்கு அப்புறம்னு சொன்னேன்."

"சாயங்காலம்னு சொல்லல?"

"சொல்லல."

"எந்த மாசம் சொன்னீங்க?"

"புரட்டாசி."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. வாசலுக்குப் போய், மார்கழி என்று எழுதிய செங்கல் துண்டுகளுக்கு நடுவே குனிந்து, ஒரு மணி என்று குறித்த துண்டின் பக்கத்தில் போய் நின்றார். குச்சியிலிருந்து அந்தத் துண்டுக்குப் போகும் நேர்கோடு வடக்கே போயிற்று. கொஞ்சம் கிழக்கே சாய்வு, அவ்வளவுதான். மார்கழியில் ஒரு மணிக்கு நிழலை முதுகுப்பக்கம் விட்டு நடக்கிறவள் மேற்கே போக மாட்டாள். தெற்கே போவாள்.

டீச்சர் ஒரு குச்சியால் மண்ணில் கோடு இழுத்தார். முதலில் தெற்கே. இரண்டு மணித் துண்டைப் பார்த்துக் கொஞ்சம் மேற்கே வளைத்தார். மூன்று மணித் துண்டைப் பார்த்து இன்னும் கொஞ்சம் வளைத்தார். கோடு அரிவாள் போல வளைந்து நின்றது. தண்ணீர் வந்த வருடமாக இருந்தால் மார்கழியில் வயலெல்லாம் சம்பாப் பயிரும் சேறுமாக இருக்கும், ஒரு பிள்ளை நேராக நடக்க முடியாது, வரப்பு போகிற போக்கில்தான் போக முடியும். அந்த வருடம் எல்லாம் தரிசு. நிழல் எங்கே தள்ளியதோ அங்கே நடந்திருப்பாள்.

கோட்டின் நுனி எங்கே போகிறது என்று பார்த்தேன். அந்தப் பக்கம்தான் என் அப்பா விற்ற நிலம். சூளைக்காரர் மண்ணெடுத்து ஆள் உயரத்துக்கு மேல் பள்ளம் பள்ளமாக விட்டிருந்தார். கார்த்திகையில் பெய்த இரண்டு மழைத் தண்ணீர் அதில் தேங்கிக் கிடந்தது.

டீச்சர் தலையாரியைக் கூப்பிட்டார். "மாணிக்கம், நாலு பேர தெற்க அனுப்புங்க."

"டீச்சர், புள்ள மேக்கல்ல போயிருக்கு?"

"மேற்குன்னு நெனச்சுகிட்டு தெற்க போயிருக்கா."

மாணிக்கத்துக்கு அது புரியவில்லை. படித்தவர்கள் பதற்றத்தில் குழம்புகிறார்கள் என்று நினைத்திருப்பார். "நீங்க அந்தப் பக்கம் பாருங்க, நாங்க இந்தப் பக்கம் பாக்குறோம்" என்று சொல்லிவிட்டு ஆட்களோடு கரையில் ஏறிப் போய்விட்டார். பள்ளியைச் சத்துணவு அமைப்பாளரிடம் விட்டுவிட்டு, நானும் டீச்சரும் ராஜாத்தியும் தரிசில் இறங்கினோம். எஸ்தர் டீச்சருக்கு அப்போது ஐம்பத்தைந்து இருக்கும். புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, வெடிப்பு விட்ட மண்ணில் எனக்கு முன்னால் நடந்தார். தன் நிழல் எங்கே விழுகிறது என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

ஒரு மைலுக்குள் வாத்து மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பொண்ணு போனதாகச் சொன்னார். "எங்கம்மா போறன்னேன். அம்மாகிட்டன்னுச்சி. பக்கத்துல எங்கயோன்னு நெனச்சேன்" என்றார். ராஜாத்தி ஓடத் தொடங்கினாள்.

மூன்று மணி இருக்கும், மேகம் வந்து மூடியது. எங்கள் நிழல்கள் மங்கி மறைந்தன. டீச்சர் சட்டென்று நின்றார்.

"சார், இப்ப அவ என்ன செய்வா?"

நான் யோசித்தேன். வேறு பிள்ளையாக இருந்தால் அழும், இல்லாவிட்டால் ரோட்டைப் பார்த்து ஓடும். "நிப்பா டீச்சர்" என்றேன்.

"நின்னா நல்லது" என்று சொல்லிவிட்டு நடந்தார். அதற்குப் பிறகு அவர் உதடுகள் அசைந்துகொண்டே வந்தன. ஜெபம் என்று நினைக்கிறேன். எனக்கு எந்தச் சாமியும் நினைவுக்கு வரவில்லை. ஒரு சாண், ஒரு சாண் என்றே மனம் சொல்லிக்கொண்டிருந்தது.

சூளைப் பள்ளங்களுக்கு இந்தப் பக்கம் கடைசி வரப்பில் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் தட்டு. முதல் பள்ளம் அங்கிருந்து நாற்பது அடி இருக்கும். கரையில் நாணல் மண்டிக் கிடந்ததால், கிட்டப் போகாமல் பள்ளம் இருப்பதே தெரியாது. எங்களைப் பார்த்ததும் எழுந்து, வகுப்பில் நிற்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டாள்.

ராஜாத்தி அடிக்கவும் செய்தாள், கட்டிக்கொள்ளவும் செய்தாள். எஸ்தர் டீச்சர் அவளை விலக்கிவிட்டு, பிள்ளையை உட்காரவைத்து, உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்து இரண்டு முள்ளை எடுத்தார்.

"இங்க ஏன் உக்காந்துருக்க?" என்றேன்.

"வெயில் போயிருச்சு சார். நிழல் இல்லன்னா நிக்கணும்ல." அதோடு ஒரு மன்னிப்பும் சேர்த்தாள். "கால் வலிச்சுது. அதான் உக்காந்துட்டேன்."

நான் அந்த வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன். ஒரு தலைமையாசிரியரும் ஒரு மாணவியும் பார்த்துக்கொண்டிருக்க, வாய்விட்டு அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் நிற்கவில்லை. சுகந்தி என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"நான் தொலஞ்சுலாம் போகல சார்" என்றாள். "இன்னும் எவ்ளோ தூரம்? மேப்புல ஒரு சாண்தான இருந்துச்சு?"

ஊர் திரும்பியபோது மாணிக்கத்தின் ஆட்கள் வாய்க்கால் கரையில் வெகுதூரம் போய்விட்டு அப்போதுதான் வந்துகொண்டிருந்தார்கள். பிள்ளையைப் பார்த்துவிட்டு, "எங்க டீச்சர் கெடச்சுது?" என்றார் மாணிக்கம். "தெற்க" என்றார் எஸ்தர் டீச்சர். மாணிக்கம் தலையைச் சொறிந்தார். அந்த ஊரில் இன்றைக்கும் மேற்கு என்றால் வாய்க்காலில் தண்ணீர் வருகிற பக்கம்தான்.

மறுநாள் காலை ஒன்பதேகாலுக்கு டீச்சர் கூப்பிட்டார். எனக்கு மெமோ கிடைக்கும் என்று தயாராகப் போனேன். பாடக் குறிப்பு நோட்டை மட்டும் கேட்டார். புரட்டாசிப் பக்கத்தைப் புரட்டி, கொண்டையிலிருந்து பென்சிலை எடுத்து, "மதியத்துக்குப் பின்" என்பதை ஒரே கோட்டில் அடித்தார். மேலே "சாயங்காலம், மாதம் பார்த்து" என்று எழுதினார். கீழே இருந்த தன் கையெழுத்தையும் அடித்தார்.

"நானும் படிச்சுப் பாத்துதான் சார் போட்டேன்" என்றார். "வாசல் முழுக்கச் செங்கல வச்சிருக்கேன். எனக்கும் தோணல." அன்றைய தேதியிட்டு மறுபடி கையெழுத்துப் போட்டு, நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். அவர் எதையாவது கவனிக்கத் தவறி நான் கண்டது அந்த ஒரு தடவைதான். அதை அவர் மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

"அந்தத் திருப்பூர் நம்பர வாங்கிப் போன் பண்ணுங்க. அம்மாவ வரச் சொல்லுங்க. பொங்கலுக்கு இல்ல, இப்பவே."

எஸ்.டி.டி. பூத்தில் நின்று நான்தான் பேசினேன். சுகந்தியின் அம்மா வளர்மதியைக் கூப்பிடச் சொல்லி, ஆள் வந்ததும் மிஷின் சத்தத்துக்கு மேலே கத்தி விஷயத்தைச் சொன்னேன். மூன்றாம் நாள் காலையில் கையில் ஒரு துணிப்பையோடு பள்ளிக்கு வந்தாள். முப்பது வயது இருக்காது. நூல் பஞ்சு இன்னும் தலைமுடியில் ஒட்டியிருந்தது.

"பொங்கலுக்கு வரலன்னுதாங்க டீச்சர் சொன்னேன். வரவே மாட்டேன்னா சொன்னேன்?" என்று எஸ்தர் டீச்சரிடம் கேட்டாள். டீச்சர் மாற்றுச் சான்றிதழ்ப் புத்தகத்தை எடுத்தார். பள்ளியை விட்டு நீங்கும் காரணம் என்ற இடத்தில் "பெற்றோர் இடம் பெயர்தல்" என்று எழுதினார். அந்த வருடம் அதையே எத்தனையோ தடவை எழுதியாயிற்று.

வளர்மதி என் பக்கம் திரும்பினாள். "வழி சொல்லிக் குடுத்தது நீங்கதானாம் சார்."

"நான்தான்மா. தப்பா சொல்லிட்டேன்."

"நிக்கச் சொல்லிக் குடுத்ததும் நீங்கதானா?"

"அது பெரிய டீச்சர் சொன்னது."

அவள் டீச்சரைப் பார்த்துக் கை கூப்பினாள். எனக்கும் சேர்த்துத்தான் கூப்பினாள் என்று நினைத்துக்கொள்ள ஆசை. உறுதியாகத் தெரியாது.

கும்பகோணம் பஸ்ஸுக்கு நானும் போய் நின்றேன். சுகந்தி புதுச் செருப்பு போட்டிருந்தாள். பஸ் தூரத்தில் தெரிந்தபோது என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"சார், அங்கேருந்து இங்க திரும்பி வர்றதுன்னா, சாயங்காலம் நிழல் முன்னால விழணுமா?"

"நடந்துலாம் வரக் கூடாது. பஸ்லதான் வரணும்" என்றேன்.

"பஸ்ஸு தப்பான பக்கம் போச்சுன்னா தெரியணும்ல?"

அவளுக்கு நான் இன்னொரு முறை தப்பாகச் சொல்லத் தயாராக இல்லை. குனிந்து, நிதானமாகச் சொன்னேன். "சாயங்காலம்னா நிழல் முன்னால. காலையிலன்னா முதுகுப்பக்கம். உச்சி வேளையில எதையும் நம்பாத. மாசத்தப் பாத்துக்க. நிழல் இல்லன்னா?"

"நிக்கணும்."

பஸ் கிளம்பிக் கும்பகோணம் ரோட்டில் திரும்பியது. ஜன்னலுக்கு வெளியே ஒரு சின்னக் கை நீண்டது. எனக்குக் கையசைக்கிறாள் என்று நினைத்து நானும் கையை உயர்த்தி அசைத்தேன். அவள் அசைக்கவில்லை. கையை நீட்டி வைத்துக்கொண்டு, அதன் நிழல் பஸ்ஸின் தகரத்தில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.